ஆர்வில் பெயருக்கு வந்த உறை

பள்ளிப் பேருந்து ஓட்டியே மிட்லண்ட் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் திட்டி வளர்த்தவர் வெர்னா டிட்வெல். வருடா வருடம் மார்ச்சில் பெக்கன் கொட்டை மிட்டாயோடு என் வரிக் கணக்கு அலுவலகத்துக்கு வருவார். கொடுத்த கையோடு என் தொப்பையையும் கிண்டல் செய்வார்.

இந்த வருடம் மிட்டாய் இல்லை. எண்ணெய்க் குழாய் நிறுவனத்தின் உறை மட்டும்தான். அவர் கணவர் ஆர்வில் அந்தக் குழாய்களைப் பதித்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த நிறுவனத்தின் பங்குகளை இருவர் பெயரிலும் வாங்கிப் போட்டிருந்தார். நடக்க முடியாத தங்கை லொரீனைத் தன்னோடு வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் அறை கட்ட வேண்டுமென்று, வெர்னாம்மா போன வருடம் அத்தனையையும் விற்றுவிட்டார்.

உறையைப் பிரித்து, உள்ளிருந்த கணக்கைப் படித்தேன். இந்த மாதிரிக் கூட்டு நிறுவனம் அவ்வப்போது தரும் பணத்துக்குப் பெரும்பாலும் உடனே வரி கிடையாது. பதிலுக்கு, நாம் வாங்கிய விலையைக் கணக்கில் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஆர்வில் கொடுத்த விலை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. விற்ற பணம் முழுக்க லாபம் என்று நின்றது. அதற்கு வரி கட்டினால் அறையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் ஆர்வில்தான் உயிரோடு இல்லையே! சட்டப்படி, அவர் இறந்த அன்றைய விலையிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம், வரி கொஞ்சம்தான் வரும். அதற்கு அவர் இறந்ததை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வருடா வருடம் சொல்லியிருக்கிறேன், வெர்னாம்மாதான் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படி என்னதான் பிடிவாதம் உங்களுக்கு?"

"அவர் பேரு போட்டு வர்ற தபால் இது ஒண்ணுதான் கண்ணு. மத்ததுல எல்லாம் எடுத்துட்டாங்க."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"லொரீனுக்கு அறை வேணும்னா சொல்லித்தான் ஆகணும் வெர்னாம்மா," என்றேன். உறையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

"என் வீட்டுக்காரர் செத்துட்டார்மா." மறுமுனையில் இருந்த பெண் வருத்தம் தெரிவித்திருப்பாள் போல. "நீ ஏம்மா வருத்தப்படுற? நீங்க அனுப்புனதுல ஒண்ணையாவது அந்த மனுஷன் பிரிச்சுப் பார்த்ததில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனை வைத்ததும் அழுதுவிட்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

இறப்புச் சான்றிதழை அனுப்பினோம். ஏப்ரலில் திருத்திய கணக்கு வந்தது. உறையில் வெர்னா டிட்வெல் என்று மட்டும் இருந்தது. பிரிக்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. என் பேனாவைப் பிடுங்கி, தன் பெயருக்கு முன்னால் ஆர்வில் என்று எழுதினார்.

"இப்ப பிரி," என்றார்.