நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

டம்ளரில் மீதியிருக்கும் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு ராசப்பன் வாத்தியார் குனிந்து பார்க்கிறார். தண்ணீர் என் மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு, மூன்றாம் நம்பர் எந்திரத்துக்கு அடியில் சற்றுத் தேங்கி, பிறகு வாசற்படியைப் பார்த்துப் போகிறது. "பரவால்லீங்க பாய், வெளிய போயிருது" என்று நிமிர்கிறார். திருச்செங்கோட்டில் நான் தட்டச்சு நிலையம் வைத்துப் பதினாறு வருஷமாகிறது. அதன் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வாரம் தவறாமல் பார்த்துச் சொல்கிற ஆள் இவர் ஒருவர்தான். பயிற்சிக்கு வரும் பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். நான் துணியை எடுத்துக்கொண்டு போவேன்.

என் கடையில் மட்டும் என்றில்லை. டீக்கடை, கல்யாண மண்டபம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி நிற்கும் பட்டறை, எங்கே போனாலும் இப்படித்தான். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரின் சாவு வீட்டில், பிணத்தைக் குளிப்பாட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பின்னாலேயே நடந்து போயிருக்கிறார். பங்காளிகள் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார்களாம். "வாத்தியாருக்குக் கொஞ்சம் கழண்டுபோச்சு" என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அவருக்கு ஒன்றும் கழலவில்லை. கழன்றிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. மல்லசமுத்திரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் தமிழையா. கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை, பூண் விழுந்துபோன குடை, தோளில் ஒரு காக்கிப் பை. பைக்குள் அவருடைய ஆய்வேடு இருக்கிறது. அதை நான் மூன்றாவது முறையாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 'மல்லசமுத்திரம் வட்டாரக் காட்டுப் பெயர்களும் நில அமைப்பும்' என்பது தலைப்பு. எங்கள் பக்கத்தில் காடு என்றால் புலி திரியும் காடு இல்லை, மானாவாரி வயல். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரைப் படித்தால் மண் என்ன, பாறை எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும் என்கிறார் இவர். சாலையும் வீடும் பள்ளிக்கூடமும் எங்கே வரலாம் என்று அளக்க வருகிறவர்கள், சங்கிலியைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தப் பெயர்களைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பூகோளத்தைச் சொந்த ஊர்க் காட்டிலிருந்து தொடங்க வேண்டும். இதுதான் ஆய்வு. தமிழ்த்துறையில் இது தமிழில்லை என்றார்களாம், பூகோளத்துறையில் இது பூகோளமில்லை என்றார்களாம், கல்வித்துறையில் டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்களாம். கடைசியில் ஒரு பேராசிரியர் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார். அது எழுபத்து மூன்றில்.

முதல் மூன்று வருஷம் மனிதர் பறந்தார். சனி ஞாயிறானால் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவரே படிவம் ஒன்று தயாரித்து, சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் ஐந்நூறு பிரதி எடுத்து வைத்திருந்தார். ஊர், புல எண், காட்டின் பெயர், பெயருக்குக் காரணம், பட்டாதாரர் கையொப்பம். அவ்வளவுதான். பட்டாதாரர் வீட்டில் நாற்காலி போடுவார்கள், மோர் வரும். கவுண்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சான்தான், இவரும் அதே சாதி. பத்தடி தள்ளிக் கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

கைரேகை வைப்பவர்களைக் கண்டால் அப்போது அவருக்கு ஆகாது. வெள்ளாமைக்காரர்களில்கூடப் பாதிப்பேர் கட்டைவிரலை நீட்டுவார்கள். "கைநாட்டு வெக்கறதுக்கு ஒரு கையா? அந்த வெரல வெட்டிப் போடோணும்" என்று திட்டிவிட்டு, உட்காரவைத்துப் பெயரெழுதப் பழக்குவார். கூலிக்காரர்களின் தெருவிலும் முதியோர் வகுப்பு நடத்தினார். பாவாயி என்கிற பெண் மூன்று நாள் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். "களை வெட்டற கைக்கு பலப்பம் நிக்கலீங்க சாமி" என்றாளாம். நாற்பது வருஷம் மண்ணில் கிடந்தாலும் அறிவு வராது என்று இவர் என்னிடம் சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அன்று நானும் தலையாட்டினேன்.

எழுபத்தாறில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இவரைத் தேடினார். கூலிக்காரர்களின் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், இடம் பார்க்க வேண்டும், காட்டுப் பெயர்களை வைத்துத் தண்ணீர்ப்போக்கைச் சொல்லும் வாத்தியார் ஒருவர் இருக்கிறாராமே என்று. ஆய்வை மதித்து ஒரு ஜீப் வந்ததே! அன்று மாலை என் கடைக்கு வந்தவர் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பை நான்தான் அடித்தேன். இவருடைய மாமன் சின்னுசாமிக் கவுண்டர் இனாமாகக் கொடுக்க முன்வந்த நிலம் அது. 'பெயர் மேட்டாங்காடு. தண்ணீர் தங்காது. கட்டடத்துக்கு உகந்தது.' மூன்றே வரி. கீழே அழகான கையெழுத்து.

மாமன் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் அது மேடுதான். முழுக் காட்டையும் அவர்கள் வீட்டில் அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். கொடுத்தது மட்டும் கீழ்க்கோடி.

எழுபத்தொன்பது ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மேலே இருந்த ஏரி உடைந்தது. தண்ணீர் வழி விசாரிக்கவில்லை, நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. டீச்சர் முடிந்தவரை பிள்ளைகளை மேசைமேல் ஏற்றியிருக்கிறாள். மேற்குச் சுவர் சரிந்தது. மூன்று பிள்ளைகள். அதில் ஒருத்தி பாவாயியின் மகள் வசந்தாமணி, மூணாங்கிளாஸ். சேற்றை வழித்துக் குழந்தையைத் தூக்கி வந்தவர்களில் இவரும் ஒருவர்.

துக்கம் விசாரிக்கப் போனவரிடம் பாவாயி அழவில்லையாம். "அந்தக் கீக்கோடியில ஏரி ரொம்பினா முழங்காலுக்குத் தண்ணி நிக்குமுங்க. எங்காத்தா காலத்துலயிருந்தே தெரியுமுங்க. நாங்க அதுக்கு வேற பேரு சொல்லுவோமுங்க" என்றிருக்கிறாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று இவர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். "எங்கள யாருங்க சாமி கேட்டாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் பாய், சும்மா தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்ட மாதிரி கேட்டாள் என்றார் என்னிடம். விசாரணை என்று வந்தவர்கள் மழைமேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வரிக் குறிப்பு எங்கோ ஒரு கோப்பில் கிடக்கிறது. அதன் கார்பன் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப்போட எனக்கும் கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தரையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வந்தது. பழைய படிவங்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடித்தார். இப்போது பெயருக்கு இரண்டு கட்டங்கள்: 'காட்டுக்காரர் சொல்லும் பெயர்', 'காட்டில் வேலை செய்வோர் சொல்லும் பெயர்'. சொன்னவரின் கையெழுத்தோ கைரேகையோ ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று அவரே விதி வைத்துக்கொண்டார். மை டப்பா ஒன்றும் பையில் சேர்ந்தது. நானூறு சொச்சம் காடுகளுக்கும் மறுபடி போனார். இந்த முறை நாற்காலி இல்லை. கொடி ஆய்கிற பெண்களோடு மண்ணில் உட்கார்ந்து, தானும் இரண்டு கொடியை ஆய்ந்தபடி கேட்டார். சாதிசனம் முகம் சுளித்தது. அவர் மனைவி, "ஊருக்கெல்லாம் பேரு கேட்டுத் திரியறாரு, எம்பேரே மறந்துபோச்சு" என்று என்னிடம் ஒருநாள் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பாக அது இல்லை.

எல்லாப் பக்கமும் நிரம்பியது, ஒன்றைத் தவிர. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மேட்டாங்காடு. இரண்டாவது கட்டம் காலி. மற்ற காடுகளின் பெயரையெல்லாம் அலுக்காமல் சொல்லிக் கட்டைவிரலையும் பதித்துக் கொடுத்த பாவாயி, இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்ற பெண்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஐந்து வருஷமாக இதே கதை. ஆய்வேட்டை இரண்டு முறை முழுதாக அடித்து முடித்து, இரண்டு முறையும் இந்தப் பக்கத்துக்காக நிறுத்திவைத்தார்.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசித் தவணை இந்த டிசம்பர் முப்பத்தொன்று. பேராசிரியர் கடிதமும் வந்துவிட்டது. நானே படித்தேன். 'நானூறு காடுகளில் ஒன்று இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. 112ஐ நீக்கிவிடுங்கள். அந்தச் சம்பவம் ஆய்வேட்டில் வந்தால் புறத்தேர்வாளர் கேள்வி கேட்பார், இடம் பார்த்துச் சொன்னது யார் என்று. பட்டம் கிடைக்காது. பதினொரு வருஷ உழைப்பு.' சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காத்திருப்பதாகவும் ஒரு வரி இருந்தது. மனிதர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். நீக்கிவிடுங்கள் வாத்தியாரே என்று நானும் சொன்னேன். "நீங்களுமா பாய்?" என்றார்.

போன மாசம், கார்த்திகையில், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அஸ்திவாரக் கல் மட்டும் நிற்கிறது. பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பாவாயி குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது, வயது என்னவோ என்னைவிடக் குறைவுதான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"பாவாயி, இதான் கடைசிங்க. அடுத்த மாசம் குடுக்கோணும். நீங்க சொன்னீங்கன்னா..."

"என்னைய எதுக்குங்க சாமி 'நீங்க, வாங்க'ங்கறீங்க? கேக்கறவீக சிரிக்க மாட்டாங்களா? முந்தி மாதிரி வா போன்னே சொல்லுங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அவர் ஒரு கொடியை எடுத்து ஆய ஆரம்பித்தார். கூடை பாதி நிரம்பிய பிறகு அவளே பேசினாள்.

"அது வாரிக்காடுங்க. ஏரி ரொம்பினா வாரித்தண்ணி வந்து நிக்கற காடு. சொல்லிப்போட்டேன்."

இவர் பையைத் திறந்து மை டப்பாவை எடுத்தார். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"இதுல நான் நாட்டு வெக்க மாட்டனுங்க. நான் சொன்னேன்னு எழுதுனா, படிக்கறவீக என்ன நெனப்பாங்க? கேட்டாங்க, சொன்னா, அப்புடீன்னு நெனச்சுக்குவாங்க. அன்னைக்கி யாரும் கேக்கலீங்களே. கேக்கலீன்னு எழுதுங்க சாமி. அதான நெசம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வையப்பமலை தாண்டும்போது நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வரியை அடித்தது என் விரல்கள்தானே.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கடைக்கு வந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், மீதியை ஊற்றவில்லை. புதுத் தாள் ஒன்றை அவரே எந்திரத்தில் சொருகி, "அடிங்க பாய், நான் சொல்றேன்" என்றார்.

பக்க எண் நூற்றுப் பன்னிரண்டு. காட்டுக்காரர் சொல்லும் பெயர்: மேட்டாங்காடு. காட்டில் வேலை செய்வோர் சொல்லும் பெயர்: வாரிக்காடு. கேட்ட ஆண்டு, என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. அதற்குக் கீழே, 'பள்ளிக்கூடத்துக்கு இடம் குறித்துக் கொடுத்த ஆண்டு 1976. அப்போது கேட்கவில்லை. கேட்காதவர், இந்த ஆய்வாளர்.' நான் விரலை எடுத்துவிட்டேன்.

"வாத்தியாரே, இதோட போச்சுங்க. பட்டம் வராது."

"அடிங்க."

அடித்தேன். தாளை உருவி மேசைமேல் வைத்தேன். எல்லாப் பக்கத்தையும் போல இதிலும் கீழே வலது ஓரத்தில் சொன்னவர் அடையாளம் வைக்கும் இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையில் இருந்த பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காக்கிப் பையைத் துழாவி மை டப்பாவை எடுத்துத் திறந்தார். எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் பழக்கிய அந்த வலது கையின் கட்டைவிரலை மையில் ஒற்றி, காலி இடத்தில் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக உருட்டினார்.