சஹனின் ஒரு பக்கம்

எங்கள் மாவட்டத்து டொக்டர்மாரைத் தொடர்கல்விக் கூட்டங்களுக்கு இழுத்து வருவது விரிவுரை அல்ல, சாப்பாடு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாலாவிச் சந்தியில் என்னைப்போல் தனியாளாக டிஸ்பென்சரி நடத்துகிறவனுக்குக் கிடைப்பது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் கொடுத்துவிட்டு, கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, முன்பு ஒருமுறை படித்துத் தொலைத்ததை மறுபடியும் படிப்பதென்றால் நெய்ச்சோறாவது வேண்டாமா? ஏற்பாட்டாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வந்து இருந்ததற்குப் புள்ளிகள் போட்ட சான்றிதழைப் பின்னேரம்தான் கையில் தருவார்கள்.

யுத்தம் முடிந்து, கற்பிட்டிப் பாதையில் சோதனைச் சாவடிகள் குறைந்த பிறகு இப்படியான கூட்டங்கள் அடிக்கடி நடந்தன. அன்றைய பாடம் மாரடைப்பு. கொழும்பிலிருந்து ஓர் இளம் இருதய வைத்தியர், பெண், பயிற்சிக்கென்று ஈ.சி.ஜி. மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவேண்டும் என்றில்லை என்றார். சும்மா வியர்க்கும், அலுப்பாக இருக்கும், சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். நோயாளி அதற்குத் தானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டு வருவார்.

அந்தப் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேஸ், வயிற்று வாயு. எங்கள் கரையில் கழுத்துக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் அது கேஸ்தான்.

"அப்ப இனி கண்டக்குழி முழுக்க எனக்கு ஹார்ட் பேஷண்ட்தான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. குரல் நானாவுடையது. கண்டக்குழிப் பக்கம் நெடுங்காலம் டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர் அவர். அவருக்கும் சீனி வருத்தம் உண்டு. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் நானா, அதாவது அண்ணன். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து டொக்டரான எனக்கு, டிஸ்பென்சரி போட இடம் தேடி என்னோடு வெயிலில் அலைந்தவர். தன்னுடைய நோயாளிகளையே என்னிடம் அனுப்பி என் வாசலில் கூட்டம் சேர்த்தவர். எனக்குக் கூடப்பிறந்த நானா இல்லை. அந்தக் குறை அவரால் தெரியாமல் போனது.

பகல் சாப்பாடு சஹன். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கோழியும் வைத்து, சுற்றிவர ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடவேண்டும். மற்றவர் முடிக்கும்வரை யாரும் எழும்பக்கூடாது. எங்கள் சஹனில் நானா, நான், மேலும் மூன்று பேர், பிறகு சிலாபத்திலிருந்து வந்த சிங்கள டொக்டர் ஒருவர். அவருக்குக் காலை மடக்கி உட்கார வரவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தபடி எங்களைவிட வேகமாகச் சாப்பிட்டார்.

சஹனில் கோழியைப் பிய்த்துப் பங்கு வைப்பது எப்போதும் நானாதான். பங்கு வைக்கிற கை, தொடைத்துண்டை மட்டும் மறக்காமல் தன் பக்கம் ஒதுக்கிவிடும். அன்றைக்கு அந்தத் தொடைத்துண்டு என் பக்கம் வந்தது. எனக்குச் சந்தோஷம். கேள்வி கேட்காமல் பாதியைத் தின்றுவிட்டேன்.

பிறகுதான் தட்டைப் பார்த்தேன். என் பக்கத்தில் தட்டின் அடி தெரிந்தது. சிலாபத்துக்காரர் பக்கம் ஒரு பருக்கை இல்லை. நானாவின் பக்கத்தில் மட்டும் சோறு வைத்தபடி மேடாக நின்றது. அவர் விரல்கள் அதன் ஓரத்தைச் சும்மா கிளறிக்கொண்டிருந்தன. மண்டபத்து வெக்கையில் எல்லோருக்கும் வியர்த்தது. அவருக்கு வியர்த்தது வேறு மாதிரி இருந்தது.

"நானா, ஏன் சாப்பிடல்ல?"

"ஒண்டுமில்ல தம்பி, கேஸ். இஞ்சி பிளேன்டீ ஒண்டு குடிச்சாச் சரி."

"அப்ப எழும்புங்க."

"இவங்க சாப்பிட்டு முடியட்டும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பயத்தில் வந்த கோபம். காலையில் பாடத்தைக் கேட்டுச் சிரித்த மனுஷன், சஹன் மரியாதை பார்த்துக்கொண்டு செத்துப்போகப் போகிறாரே! சிலாபத்துக்காரர் சீனி குறைந்திருக்கும் என்றார். இன்னொருவர் காலைச் சாப்பாட்டில் குறை கண்டார். டொக்டர்மார் ஒன்றுகூடினால் இப்படித்தான், நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் வாய் ஓயாது. நான் கையை உதறிக்கொண்டு முதலில் எழும்பினேன்.

"சஹன் முடிஞ்சிது! எல்லாரும் கையெடுங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் கையெடுத்தார்கள். இனி நானாவுக்கு உட்கார்ந்திருக்கச் சாட்டு இல்லை. கறிக் கைகளோடு அவரைத் தூக்கிப்போய் பயிற்சி மேசையில் படுக்க வைத்தோம். பக்கத்து அறையில் பெண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழும்பு டொக்டர் விரலில் சோற்றோடு ஓடிவந்தார். மெஷின் தாளைத் துப்பியது. காலையில் ஒவ்வொரு தாளுக்கும் ஆளுக்கொரு வியாக்கியானம் சொன்ன நாங்கள், இந்தத் தாளில் எல்லோரும் ஒன்றையே கண்டோம். சந்தேகத்துக்கு இடமே இல்லாத மாரடைப்பு.

"அஸ்பிரின்! யாரிடமாவது அஸ்பிரின் இருக்கிறதா?" என்றார் கொழும்பு டொக்டர்.

அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மண்டபத்தில் இருந்த மூத்த டொக்டர்மார் ஒவ்வொருவராகத் தங்கள் பொக்கெட்டுக்குள் கைவிட்டார்கள். தங்கள் இருதயத்துக்காக ஒருவருக்கொருவர் தெரியாமல் விழுங்கிவந்த மாத்திரைகள் எல்லாம் வெளியே வந்தன. நானாவுக்கு முன்னால் நாலைந்து கைகள் நீண்டன.

மாத்திரையைச் சப்பவைத்து, சிலாபத்துக்காரரின் வான் வண்டியில் ஏற்றினோம். கொழும்பு டொக்டரும் மெஷினோடு ஏறிக்கொண்டார். சந்தியில் லொறிகளுக்கு நடுவே வான் ஹோர்ன் அடித்தபடி புகுந்தது. நான் நானாவின் கையைப் பிடித்திருந்தேன். அது சில்லிட்டிருந்தது. மனதுக்குள் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன்.

"தம்பி," என்றார் மெல்ல.

"சொல்லுங்க நானா."

"பின்னேர வகுப்புக்கு இல்லாட்டி, புள்ளி வெட்டுவானுகளா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரியில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னர் அவர் முகத்தில் நிறம் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து அதே மண்டபத்தில் அடுத்த கூட்டம். நானா மெலிந்து, சேர்ட் தோளில் தொங்க வந்திருந்தார். அதே கொழும்பு டொக்டர், பெயர் சொல்லாமல் அந்த ஈ.சி.ஜி. தாளைத் திரையில் காட்டினார். "அது என்ட!" என்று பின்வரிசையில் கை உயர்ந்தது. மண்டபம் கைதட்டியது.

பகல் சாப்பாட்டில் ஏமாற்றம். டொக்டர்மாரின் இருதயத்தை நினைத்து ஏற்பாட்டாளர்கள் இந்தமுறை சஹனை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கொரு சோற்றுப் பார்சல். சிவப்பரிசிச் சோறு, எண்ணெய் காணாத மீன், அவித்த போஞ்சி. எல்லோரும் தனித்தனிக் கதிரையில் உட்கார்ந்து பிரித்தோம். நானா பிரிக்கவில்லை. குசினிக்குப் போய் ஒரு பெரிய சஹன் தட்டைத் தூக்கி வந்தார்.

"பார்சல இதுல கொட்டுங்க எல்லாரும்."

"நானா, இது உங்கட நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"சாப்பாடு இதுதான் எண்டா சரி, ஓம். ஆனா தனித்தனியா இருந்து சாப்பிட்டா, நான் சாப்பிடல்ல எண்டத யாரு பாக்கிற?"

ஆறு பார்சலையும் தட்டில் கவிழ்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். சிலாபத்துக்காரர் பழையபடி ஒரு பக்கம் சரிந்தார். அந்த மீனில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நானாவின் பக்கத்துச் சோறு குறைகிறதா என்று பார்த்துப் பார்த்தே நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டு முடித்தோம்.