மடவைக்கு ஆகாத ஈரச் சாக்கு

“பன்னெண்டாவது வரிக்கும் படிச்சிகிறியே, நீ சொல்லு. படுக்குற எடத்துலயே எதுக்கு இந்த நாயி மூத்திரம் பெய்யுது?”

ஜாக்குலின் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. பழவேற்காடு ஏரியில் மண்டியிட்டு நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட பறி என்கிற ஓலைக்கூடை. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார். ஏரியில் வாய் திறக்க முடியாத குறையைக் கரைக்கு வந்து தீர்த்துக்கொள்வார். வீட்டில் தனியாள் என்பதால், கேட்பதற்கென்றே ஒரு நாய்க்குட்டி வளர்த்தார். அது துள்ளுகிற துள்ளலுக்கு மடவை மீனின் பெயரையே வைத்தார்.

மடவை ஒருநாள் துள்ளிப் போய், எதிர்வீட்டு எல்லம்மா பெரியம்மா காயவைத்திருந்த கருவாட்டின்மேல் மூத்திரம் பெய்துவிட்டது.

“காட்டூரு சகாதேவன் வயலுக்கு நாய் கேட்டுகினு கீறாரு. ஞாயித்துக்கெழம வருவாரு. அதுக்குள்ள இத்த அடக்கி வெய்யி. ஊளையும் உடக்கூடாது, நாறவும் கூடாது. இல்லேன்னா புடிச்சிக் குடுத்துடுவேன்” என்றார் பெரியம்மா.

அக்கா திருப்பாலைவனம் போய்க் கறிக்கடையில் ஒரு பழைய கோழிக்கூண்டை வாங்கி பஸ்ஸில் ஏற்றினார்.

“கோழி எங்கம்மா?” என்றார் கண்டக்டர்.

“நாயி ஊட்ல கீதுப்பா.”

அவர் கூண்டுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

எங்கள் ஊரில் உயிர் நண்டை ஈரச் சாக்கில் மூடி வைப்போம். சாயங்காலம்வரை அசையாமல் கிடக்கும். அக்காவும் கூண்டில் ஈரச் சாக்கை விரித்து மடவையைப் படுக்கவைத்தார். அது சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு உடனே நனைத்தது. அக்கா அலசிப் பிழிந்து, ஈரத்தோடு மறுபடி விரித்தார். மடவையும் மறுபடி நனைத்தது. இதைப் பார்த்துத்தான் என்னிடம் அந்தக் கேள்வி.

பதில் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

“ஏ ஜாக்குலினு! தெனம் ஏரிக்கரை ஈரத்துலதான அத்த வுடுற? அந்த ஈரத்தக் கூண்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிட்டு, ஒண்ணுக்குப் போவாதன்னா அது இன்னா பண்ணும்?”

திட்டத்தான் சொன்னார். ஆனாலும் அக்கா அன்றே சாக்கை மாற்றிக் காய்ந்ததைப் போட்டார். முதலில் கரைக்குக் கூட்டிப்போய், மடவை வேலையை முடித்த பிறகே கூண்டுக்குக் கொண்டுவந்தார். கூண்டு பழகட்டும் என்று கதவைத் திறந்துபோட்டு உள்ளேயே சோறு வைத்தார். சாக்கு காய்ந்தே இருந்தது.

ஊளை மட்டும் நிற்கவில்லை. காரணம், ஏரிக்குக் கிளம்பும்போது அக்கா விடைபெறும் அழகு. “அம்மா போய்ட்டு ஓடியாந்துடுறேன்டா கண்ணு, பயப்படாதடா” என்று கூண்டைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவார். தெருமுனைவரை போய், அழுகிறதே என்று திரும்பி வந்து இன்னொரு முறை கொஞ்சுவார். அவர் வளைவில் மறைந்ததும் மடவை பெருங்குரலெடுக்கும்.

சனிக்கிழமை அக்காவுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் சோற்றுத் தூக்கு, மறுகையில் தண்ணீர்க் கேன். பழக்கதோஷத்தில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டார். முழங்கையாலேயே கூண்டின் கொக்கியைத் தள்ளி மாட்டினார். கொஞ்ச வாய் இல்லை. “ம்ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மடவை கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தது. பிறகு சாக்கில் சுருண்டு தூங்கிவிட்டது.

தெரு அமைதியாக இருந்தது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “செத்துகித்துப் போச்சா?” என்று ஓடிவந்து பார்த்தார். மடவை கண்ணைத் திறந்து வாலை ஆட்டியது. குட்டியால் மூத்திரத்தை எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? திட்டிக்கொண்டே திறந்து, கரைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் கயிற்றோடு வந்தார். அக்கா கோயிலிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

“நாயி எங்கக்கா?”

“இன்னா நாயி? எங்க தெரு நாய உனுக்கு எதுக்குக் குடுக்கணும்?” என்றார் எல்லம்மா பெரியம்மா.

அக்கா இன்றும் பறியைக் கடித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு குட்டி கூண்டுக்குள் அழுதால், அந்த வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பறி இல்லாதவர்கள் வெறுமனே வாயை மூடிக்கொண்டு கிளம்பினாலும் போதும்.