விளக்கு மூச்சு விடும் துளை

அந்தக் கார் பணிமனையில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயின்ட் அடிப்பவர் கேலிக்கு வைத்த பெயர். பின்விளக்குக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு வரும் வண்டிகளெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். விளக்கைக் கழற்றிக் கையில் வாங்கியதும், அடிப்பக்கத்தில் கடுகளவே இருக்கும் ஒரு துளையைத்தான் அவள் முதலில் தேடுவாள். "இதை அடைச்சா விளக்கு மூச்சு விடாதுங்க" என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்ட பெயர் அது.

அந்தத் துளையில் மெல்லிய குழாயைச் செருகி, விளக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, வாயால் ஊதுவாள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. பெரும்பாலும் பல்பு மாட்டும் இடத்து ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். இல்லையென்றால் சிவப்பு மூடியின் ஓரம் தலைமுடி அகலத்துக்குப் பிளந்திருக்கும். வளையத்தை மாற்றுவாள், பிளவுக்குக் கறுப்புப் பசை வைப்பாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரால் உள்ளே காயவைப்பாள்.

"என் தலையில ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதானே அதை எடுத்துட்டுப் போன?" என்று கணவர் கேட்பார்.

"இருந்த காலத்துல மட்டும் சீவிக் கிழிச்சீங்களாக்கும்" என்பாள்.

ஆறு மாதத்துக்கு முன் புது மேற்பார்வையாளர் வந்தார். அவளுடைய மகனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வந்த வாரமே உத்தரவு போட்டார்: விளக்குகளில் எந்தத் துளையும் திறந்திருக்கக் கூடாது. அவள் அவருடைய அறைக்கே போய் எடுத்துச் சொன்னாள்.

"பல்பு எரிஞ்சா உள்ள இருக்கற காத்து சூடாகி வெளிய போகுது தம்பி. அணைச்சா திரும்ப உள்ள வரணும். வாசலை அடைச்சுட்டா, எந்தச் சந்து கிடைக்குதோ அது வழியா தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும். அப்புறம் அது காயவும் வழியிருக்காது."

"தண்ணி போகக் கூடாதுன்னா ஓட்டைய அடைக்கணும். இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?"

சின்ன வாக்கியம், கேட்பதற்குச் சுத்தமாக இருந்தது. உண்மை மட்டும்தான் அதில் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம், ஏனென்றால் பதில் எப்போதும் அதைவிட நீளமாக இருக்கும். அவள் திரும்பிவந்து, முன்பு போலவே துளையைத் திறந்து வைத்து வேலை செய்தாள்.

போன வாரம் ஒரு தலைமையாசிரியையின் கார் வந்தது. இரண்டு பின்விளக்கையும் அவள்தான் சரிசெய்து மாட்டினாள். எட்டாம் நாள் அதே கார் திரும்பி வந்தது. இடது விளக்குக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மீன் ஒன்றுதான் குறை.

மேற்பார்வையாளர் கழற்றிய விளக்கோடும் ஒரு தாளோடும் அவள் மேசைக்கு வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியையும் வந்தார்.

"எங்க அக்காதான் பாத்தாங்க மேடம். வயசாகுதுல்ல, கண்ணு கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு, தாளை அவள் முன் வைத்தார். "கையெழுத்துப் போட்டுடுங்கக்கா. திங்கக்கிழமையிலேருந்து வண்டி கழுவற பக்கம் போயிடுங்க. கண்ணுக்கு வேலை இருக்காது."

கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று தாளில் அச்சாகியிருந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. நேற்று இரவுகூடக் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தவள் அவள். தாளைத் தொடவில்லை. விளக்கை வாங்கிக் கவிழ்த்தாள். துளைக்கு மேல் நக அளவுக்கு வெள்ளைப் பசை அப்பியிருந்தது.

"என் மேசையில கறுப்புப் பசை மட்டும்தான் இருக்கு. பாத்ரூம் தொட்டிக்கு வைக்கற இந்த வெள்ளையை இதுல வச்சது யாரு?"

மேற்பார்வையாளர் பெயின்ட் அடிப்பவரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"அது... நீங்க சாப்பிடப் போனப்ப, ஒரு பாதுகாப்புக்கு, நான்தான்..." என்று மேற்பார்வையாளரே இழுத்தார்.

அவள் விளக்கைத் தொட்டிக்கு மேல் நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் பசையைப் பிய்த்தாள். தண்ணீர் நூல் பிடித்தாற்போல் தொட்டிக்குள் இறங்கியது.

"அப்ப கண்ணு சரியில்லாதது யாருக்கு?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

மேற்பார்வையாளர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரி விடுங்கக்கா. ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டோம்."

"புரிஞ்சுக்கிட்டோம்னா? யாரு யாரு?" அவள் குரல் உயரவில்லை, ஆனால் பக்கத்து மேசைகளில் சுத்தியல் சத்தம் நின்றது. "நான் சரியாத்தான் புரிஞ்சிருந்தேன். உங்க ரூமுக்கு வந்தே சொன்னேன். இவங்க முன்னாடி என் கண்ணைச் சொன்னீங்கல்ல? இவங்க முன்னாடியே அதைத் திருப்பி எடுத்துக்குங்க."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"எனக்கு வயசாயிடுச்சு தம்பி. காதும் கேக்கல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேற்பார்வையாளர் காலரைத் தளர்த்திக்கொண்டார். "தப்பு என்னோடது. அக்கா மேல தப்பில்ல" என்றார், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் நன்றி சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"வலது பக்க விளக்கையும் கழட்டி எடுத்துட்டு வாங்க. அதையும் அடைச்சுத்தானே வச்சிருப்பீங்க?"

அவர் போனார்.