சூளைக்குப் போகாத கை

விருத்தாம்பாளுக்கு விண்வெளிக் கப்பல் என்றாலே எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி ஆனால் போதும், மகள் அன்புக்கரசி பக்கத்து வீட்டு அமீர் நிஷாவின் டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஏதோ பழங்காலத்து வெள்ளைக்காரத் தொடர், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நெற்றியில் பசை தெரிய எதையோ ஒட்டிக்கொண்டு வருகிற வேற்றுக்கிரகத்து ஆள்கூட, "தாங்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள்?" என்று செந்தமிழில் விசாரிப்பான். அந்தக் கூத்தை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடி முழுக் கதையையும் அம்மாவிடம் ஒப்பிப்பாள் அந்தப் பெண். விருத்தாம்பாள் "உம்" கொட்டுவாள், நினைப்பு வேறெங்கோ இருக்கும். "எம்மா, கேக்கறியா?" என்று நடுநடுவே குரல் வரும். அதற்கும் ஒரு "உம்".

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல், நாலே நாளில் அன்புக்கரசியைக் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயது. திருப்பூருக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான். மகள் செத்த சேதியைச் சொல்லி அனுப்பக்கூட ஒரு விலாசம் கிடையாது.

"தனியா வூட்ல குந்திகினு என்னக்கா பண்ணப் போறீங்க? இங்க வந்து செத்த நேரம் டிவி பாருங்க," என்று அமீர் நிஷாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மகள் உட்கார்ந்த அதே இடத்தில் விருத்தாம்பாள் உட்கார்ந்தாள். பிடித்துப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. மகள் விட்ட இடத்திலிருந்து யாராவது பார்த்தாக வேண்டுமே, அதற்காகப் பார்த்தாள்.

மற்ற ஆறு நாளும் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிற கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் உடம்பில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சாலும் விரலாலும் வழித்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பதினைந்து வருஷமாக அவள் விரல்கள் காய்ந்ததே கிடையாது.

இறந்துபோவதற்கு முன்னால் வந்த மே மாத லீவில் ஒரு நாள், அன்புக்கரசி கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், தட்டி வைத்திருந்த களிமண் வில்லையில் வலது கையை அழுத்தி, "இது எந்தக் கிரகத்து ஆளு கை, சொல்லு பாப்பம்?" என்றாள். "மண்ண வீணாக்காத, போ அந்தாண்ட," என்று விரட்டிவிட்டாள் விருத்தாம்பாள். திரும்பக் கரைக்கிற தொட்டிக்குப் போயிருக்க வேண்டிய வில்லை, எப்படியோ தப்பித்துப் பலகை மேல் காய்ந்துகொண்டு கிடந்தது. கருமாதி முடிந்து வேலைக்கு வந்த அன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் அதில் தன் விரல்களை வைத்துப் பார்ப்பாள். மகளின் நடுவிரல் நுனி இவளுடைய நடுவிரலின் மேல்கணுவில் பாதிக்கு வரும். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

சூளை பார்க்கிற கொளஞ்சியப்பன் நல்ல மனுஷன். "தங்கச்சி, பச்சையா வச்சிருந்தா ஒரு நாளு கீழ வுழுந்து தூளாப் பூடும். குடு, சூளைல வச்சித் தரேன்," என்று பலதடவை கேட்டுவிட்டார்.

"வேணாங்கண்ணே. சுட்டா சுருங்கிப் பூடும்."

அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். எட்டில் ஒரு பங்கை நெருப்பு எடுத்துக்கொள்ளும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய கதையில் கப்பலின் சமையல்காரர் ஒரு கிரகத்தில் குளத்தைப் பார்க்கிறார். அதில் இறங்கினால் பழைய நாளுக்குப் போய்விடலாம். அங்கே செத்துப்போன அவருடைய மகள் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். குளத்துக் காவல்காரன் முன்பே சொல்லியிருக்கிறான்: "பார்க்கலாம், தொடக் கூடாது. தொட்டது உன் நினைவிலிருந்து அழியும்." இரண்டு முறை மனுஷன் அடக்கிக்கொண்டார். மூன்றாம் முறை தலையைத் தடவினார். கப்பலுக்குத் திரும்பினால், மகளின் முடி எப்படி இருக்கும் என்பது மறந்துவிட்டது. மறுபடியும் இறங்கினார்.

"தொடாதய்யா! கைய எட்றா பாவி!" என்று விருத்தாம்பாள் கத்தியதில், அடுப்படியிலிருந்து அமீர் நிஷா கரண்டியோடு ஓடிவந்தாள்.

கடைசியில் அந்த ஆள் மகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் இந்தச் சிறுமி?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார். அதோடு கதை முடிந்தது. விருத்தாம்பாள் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் பேட்டைக்கு நடந்தாள்.

சூளை எரிகிற நாள் என்பதால் கொளஞ்சியப்பன் இருந்தார். வில்லையை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தாள். கட்டைவிரல் ரேகை இல்லை. உள்ளங்கையில் ஓடிய கோடுகள் இல்லை. சுண்டுவிரல் பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருந்தது. மூன்று மாதம் தினமும் ஈரக் கையோடு தொட்டிருக்கிறாள். ஆயிரம் பொம்மைக்குச் செய்ததை, அந்த விரல்கள் அவளைக் கேட்காமலே இதற்கும் செய்திருந்தன.

"நானே தொடச்சி அழிச்சிட்டன்ணே! யாரும் இல்ல, நானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சூளைல வச்சிடுங்கண்ணே," என்றாள் கடைசியில்.

அடுத்த சூளையில் வைத்தார். வெந்து ஆறி வெளியே வர நாலு நாள் ஆனது. அந்தப் பக்கமே அவள் போகவில்லை. செய்தித்தாளில் சுற்றி அவரே கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது, தட்டினால் கணீர் என்றது. விரல்களை வைத்துப் பார்த்தாள். முன்போல உட்காரவில்லை. எதிர்பார்த்ததுதான். ஒன்பது வயது அன்புக்கரசியின் கை இனி உலகத்தில் எங்கேயும் இல்லை.

"இது எம் பொண்ணு கை இல்லண்ணே," என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை அந்த உள்ளங்கைப் பள்ளத்தில் குறுக்கே வைத்தாள். வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று இந்த விரலைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க அழுதுகொண்டு வந்தாளே, அந்தக் கை.

"ஒன்னாங் கிளாஸுல சேத்தப்ப இருந்த கைண்ணே," என்றாள். "இதுக்கு மேல சுருங்குமா?"

"இல்லம்மா. ஒருக்கா வெந்தது அவ்ளோதான். இனிமே இப்படியேதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவள் கதை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, எதிரே வில்லையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கப்பல் எங்கே போனது, யார் யாரைச் சுட்டார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதிக் கதையில் நிறுத்தினாள்.

"எம்மாடி," என்றாள், "கேக்கறியா?"