முகத்துவாரம் வெட்டிய நாளில் மரியதாஸ் செய்த செபம்

நான் கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் உரியவரிடம் பின்னர் நேரிற் கேட்டு உறுதிசெய்துகொண்டதையுமன்றி வேறொன்றையும் இங்கே எழுதமாட்டேன். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்று கேட்பீர்கள். நான் உயிர் தப்பிய செய்தியைக் கொக்கிளாய்க் கரையிற் பலர் பலவாறு சொல்லித் திரிகிறார்கள். வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணொருத்தி அலைமேல் நின்றாளாம். நான் அவளைக் கண்டேனாம். நான் எவரையும் காணவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என்னோடு கடலுக்குள் இழுபட்ட மரியதாஸ் செபிக்காதவன், ஆகையால் மாண்டான் என்று அதே வாயாற் சொல்கிறார்களே, அதை நான் பொறுக்கமாட்டேன்.

ஐம்பதுகளின் இறுதியில் ஒரு மார்கழி. மழை விடாது பெய்து, கடலையொட்டிய உப்பேரியான களப்பு நிறைந்து, கரையோர வீடுகளின் முற்றங்களில் நீர் ஏறிவிட்டது. களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்றிடலில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டாற் போதும். நீர் தானே அதை அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் பாய்ந்துவிடும். முகத்துவாரம் வெட்டுதல் என்று இதனைச் சொல்வோம். வெட்டுமுன் பெரியவர்கள் கோயிலிற் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். அவ்வேளையில் இளைஞர் மண்வெட்டிகளோடு திடலுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. நீர் ஓடத் தொடங்கியதும் மணமாகாத இளைஞர் அந்த வாய்க்காலைத் தாண்டிப் பாய்வார்கள். அது அகல அகல, பிந்திப் பாய்ந்தவனுக்கே பெருமை.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சியை முடித்து நியமனத்துக்குக் காத்திருந்தேன். மரியதாஸ் என் தோழன், கடற்றொழிலாளி. முந்திய ஆண்டு அவனுடைய தகப்பனார், நல்ல திடகாத்திரமான மனிதர், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்டார். அன்று தொட்டு மரியதாஸ் தனியே செபிக்கத் தொடங்கியிருந்தான். அன்றும் கோயிலுக்குள்ளே போவோம் என்று என்னை அழைத்தவன் அவன்தான்.

கோயில் மூப்பர் வாசலிற் கையை நீட்டி மறித்தார்.

"உங்களுக்கென்னடா இஞ்சை? செபமாலையைக் கிழடுகட்டையள் நாங்கள் பாக்கிறம். பொடியள் போய் மண்ணை வெட்டுங்கோ."

"செபமாலையிலை ஒரு பத்துமணி மட்டும் சொல்லிப்போட்டு ஓடுறம், மூப்பர்" என்றான் மரியதாஸ்.

"முதலிலை கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியளைப் பெறு. பிறகு வந்து முழங்காலிலை நில். உன்னை இப்ப ஆர் கொண்டுபோகப் போறான்?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியதாஸும் சிரித்தான். நாங்கள் திடலுக்குப் போனோம்.

செபம் முடித்துப் பெரியவர்கள் வந்ததும் வாய்க்கால் வெட்டப்பட்டது. வெள்ளம் அதிகமாகையால் அது வழமையை விட விரைவாக அகன்றது. சிலர் பாய்ந்தும் விட்டனர். நாங்கள் இருவரும் விளிம்பில் நின்றோம்.

"வாத்தியார், பாயப்போறீரோ, இல்லை, அம்மாட்டைக் கேட்டுக்கொண்டு வரப்போறீரோ?" என்று மரியதாஸ் பகிடி பண்ணினான்.

"நீ முதல் பாய். விழுந்தால் சிரிக்க ஒராள் வேணுமெல்லே?"

அவன் மறுமொழி சொல்லுமுன் மணல் இடிந்தது. மேலே திடமாகத் தெரிந்த விளிம்பை நீர் அடியில் அரித்துவிட்டிருந்தது. இருவரும் விழுந்தோம். நீரோட்டம் எங்களைக் கடலுக்குள் இழுத்தெறிந்தது. எனக்கு நீந்தத் தெரியும். அந்த நீரில் அது எதற்கும் உதவவில்லை. வாய் நிறைய மணல். எனக்குச் சற்று முன்னே மரியதாஸின் தலை தெரிந்தது. அவன் கத்தினான்: "ஆண்டவரே, எங்கள் ரண்டு பேரையும் பாரும்!"

இதை நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். என் செபம் அவ்வளவுகூட நீளவில்லை. "யேசுவே" என்றேன். அவ்வளவுதான். அடுத்த கணம் என் தோளில் ஏதோ மோதியது. ஒரு கட்டுமரம். பற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மரியதாஸ் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அலைகள் என்னைத் தெற்கே வெகுதூரம் கொண்டுபோய் மணலில் ஒதுக்கின.

அந்தக் கட்டுமரம் களப்பில் ஒரு கட்டையிற் கட்டப்பட்டிருந்தது. அதன் உரிமையாளரைப் பின்னர் தேடிப்போய் விசாரித்தேன்.

"புனித அந்தோனியார் அவிட்டு விட்டவரெண்டு சனம் கதைக்குது. கட்டை நான் அடிச்சது, தம்பி. வெள்ளம் கிளப்பிப்போட்டுது" என்றார்.

கட்டையைப் பிடுங்கியது வெள்ளம். நான் கூப்பிட்ட கணத்தில் அந்த மரம் என் தோளருகே வந்தது. இவ்விரண்டும் மெய். இரண்டாவதற்காக உயிருள்ளவரை ஆண்டவருக்கு நன்றி சொல்வேன். அதற்காக முதலாவதை மறைக்கமாட்டேன். என் ஆண்டவரின் புகழுக்கு எவருடைய புளுகும் தேவையில்லை.

மரியதாஸின் வீட்டில், உடலில்லாத அந்தச் செத்தவீட்டில், மூப்பர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கோயில் வாசல் மிதியாத பொடியன். செபிச்சவனை ஆண்டவர் கரையேத்தினார், பாருங்கோ."

"மிதிக்க வந்தவனை மறிச்சது ஆர், மூப்பர்?" என்றேன்.

"தம்பி, செத்தவீட்டிலை சத்தம் போடாதையும்."

"இஞ்சை போடாமல் வேறை எங்கை போடுறது?"

அறைக் கதவடியில் இருந்த மரியதாஸின் தாயார் தலையை நிமிர்த்தினார். "மோனை, அவன் கடைசியா ஏதும் சொன்னவனே?"

"ஓம் மாமி. ஆண்டவரே, எங்கள் ரண்டு பேரையும் பாருமெண்டு கத்தினவன்."

"ரண்டு பேரையுமெண்டோ?"

"ஓம் மாமி. எனக்கும் சேத்துத்தான் கேட்டவன்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு மூப்பரைப் பார்த்துச் சொன்னார்: "இனி என்ரை பிள்ளையைப் பற்றி ஒண்டும் கதையாதையுங்கோ."

மூப்பர் எழுந்து போனார்.

அடுத்த மாரியில் முகத்துவாரம் வெட்டுமுன் இளைஞர் அனைவரையும் கோயிலுக்குள் அழைத்துப் போனேன். மூப்பர் வாசலில் நின்றார். மறிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று ஒருவனும் வாய்க்காலைத் தாண்டவில்லை. இப்போது பாடசாலையிற் கற்பிக்கிறேன். செபிக்காமல் ஒரு நாளையும் தொடங்குவதில்லை. என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் ஆண்டவரிடமே சொல்லுகிறேன். அவர் என்னைத் துரத்தவில்லை.

இளைஞரே, நரை விழட்டும் என்று காத்திராதீர்கள். உங்களைக் கோயில் வாசலில் எவரேனும் மறித்தால், நிற்கிற மணலிலேயே முழங்காற்படியிடுங்கள். ஆண்டவர் வயது கேட்பவரல்லர். பெரியோரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: செபத்தை முதுமையின் சொத்தாக்காதீர்கள். உங்கள் கையை வாசலிலிருந்து எடுங்கள்.

மரியதாஸின் உடல் கரைசேரவில்லை. அவன் எந்தக் கணத்தில் மூழ்கினான் என்பதை நான் காணவில்லை. கண்டவரும் எவரும் இல்லை. இரண்டு பேருக்காக அவன் கேட்டான். கரையேறியவன் நான் ஒருவன். அது ஏன் என்று எனக்குத் தெரியாது.