திரைக்கு முதுகு காட்டி அமர்ந்தவள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த படம் பதினோரு நிமிடம் ஓடியது. நாங்கள் இருவரும் என்று எழுதும்போதே கை சற்றுத் தயங்குகிறது. அக்காலத்தில் அதை என் படம் என்றே நான் சொல்லிவந்தேன். அவள் அப்போது என் சக மாணவி; மூன்று ஆண்டுகள் கழித்து என் மனைவியானாள். இறந்து நான்கு மாதங்களாகின்றன. அவளைப் புகழப் பலர் இருக்கிறார்கள். அவள்மீது நான் கொண்டிருந்த பொறாமையைச் சொல்ல மட்டும் என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தின் பதுளையில் எங்கள் கல்லூரி. வெளிநாட்டுப் பயிற்சி முடித்துத் திரும்பிய விரிவுரையாளர் ஒருவர் எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்றையும் ஒரு சிறிய புரொஜெக்டரையும் கொண்டுவந்திருந்தார். நாட்டில் பிலிம் கிடைக்காத காலம். அவரிடமிருந்த நான்கு சுருள்களில் ஒரு படம்தான் எடுக்க முடியும் என்பதால் வகுப்பில் எங்கள் இருவரையும் தெரிவுசெய்தார். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் என்பது பொருள். கேமராவை அவள் பிடித்தாள். நான் வர்ணனை எழுதினேன். படத்துக்கு ஒலி கிடையாது. காட்டும்போது ஒருவர் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே என் தந்தை கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில் படம்பிடித்தோம். நான் அங்கே பிறந்தவன். ஆனால் ஆறு வயதிலிருந்து விடுதிப் பள்ளியில் வளர்ந்தவன். அவள் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கிருந்தே படித்து வந்தவள். இந்த வித்தியாசத்தை நான் என் பக்கத்து வசதியாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். வர்ணனையைப் பன்னிரண்டு நாள் எழுதினேன். அவள் இரண்டு முறை கேட்டும் காட்டவில்லை. படத்தோடு சேர்த்துக் கேட்டால்தான் அதன் அழகு விளங்கும் என்றேன்.

ஆண்டுவிழாவில் அதிபரும் கொழும்பிலிருந்து வரும் விருந்தினர்களும் படத்தைப் பார்க்கவிருந்தார்கள். விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்தார். விழாவுக்கு முன் இரண்டு இடங்களில் மக்களுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். பிலிம் இல்லாததால் புதிதாக எதையும் எடுக்க முடியாது. வெட்டலாம், இடம் மாற்றி ஒட்டலாம், வர்ணனையைத் திருத்தலாம். அவ்வளவுதான்.

முதற் காட்சி என் தந்தையின் தோட்டத்தில். தொழிற்சாலையை ஒட்டிய பழைய அறையில் மட்டுமே மின்சாரம் இருந்தது. ஞாயிறு பகலில் ஜன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். நூறு பேராவது நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் புரொஜெக்டரின் அருகில் தாள்களுடன் நின்றேன். அவளோ திரைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில், திரைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மடியில் ஒரு கொப்பி. படம் ஓடிய பதினோரு நிமிடமும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முகங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

காலையில் பெண்கள் தேயிலை நிரைகளின் தலைப்பில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் வாய் திறந்து குரலெழுப்பும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. நான் மிகவும் நம்பியிருந்த வரி அதற்குரியது. விடியும் வானை நோக்கி எழுகிறது தலைமுறைகளின் ஆற்றாமைக் குரல் என்று நிறுத்தி வாசித்தேன்.

அறை வெடித்தது. சிரிப்பு அடங்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த மூத்த பெண்ணொருத்தி கையை நீட்டினாள்.

"ஆத்தாமையா? அடி ஆத்தே! நாங்க பொலி சொல்றோம் சாமி! கூட நெறையணுமின்னு பொலியோ பொலின்னு சொல்லிட்டுத்தான் மொதக் கொழுந்து கிள்ளுவோம்."

"கணக்கப்புள்ள ஐயா மகனுக்கு எப்பிடித் தெரியும்? நாங்க பொலி சொல்ற நேரம் சின்னையா போர்வைக்குள்ள இருப்பாரு!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

மீண்டும் சிரிப்பு. என் தந்தை கதவருகில் நின்றிருந்தார். அவரும் சிரித்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அந்த அவமானத்தை ஈடுசெய்ய நான் செய்த காரியம் அதைவிட மோசமானது. கருத்தறிவதற்காகக் கல்லூரியில் உருளச்சுப் போட்ட படிவங்களைக் கொண்டுபோயிருந்தேன். பெயர், வயது, பின் ஆறு கேள்விகள். வீட்டுக்கொன்றாகக் கொடுத்து மறுநாள் திருப்பித் தரும்படி சொன்னேன். படித்தவன் வேறெப்படிக் கருத்துக் கேட்பான்? மறுநாள் எல்லாப் படிவங்களும் வந்தன. என் கேள்விகளுக்கு ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களைப் பிடித்து, தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பாட்டன் பிறந்த ஊர், கப்பலேறி வந்த வருடம் என்று நிரப்பி, கீழே கைநாட்டும் வைத்திருந்தார்கள். லயத்துக்குள் தாள் வந்தால் அது இரு நாட்டு ஒப்பந்தப்படி யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்பதற்கான தாளாகத்தான் அந்த வருடங்களில் இருந்தது. இரண்டு குடும்பங்களில் இரவெல்லாம் அழுகையாம்.

முன்தினம் பொலி விளக்கம் சொன்ன மூத்த பெண் அவளிடம் வந்தாள். என்னிடம் அல்ல.

"மக, நீயே சொல்லு. நம்மள அனுப்பிருவாங்களா?"

"அய்யோ இல்லம்மா, இது படத்தப் பத்தின தாளு. நல்லா இருக்கா இல்லையான்னு கேக்குறாங்க."

"அதுக்கா தாளு? வாயால கேட்டாச் சொல்ல மாட்டமா?"

அவள் அந்தத் தாள்களை எல்லாம் என்னிடமிருந்து வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே அடுப்பில் போட்டாள். பின் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். படம் எப்படி என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் என் தந்தையின் வீட்டு வாசலில் நின்று, ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு அவள் பின்னால் பெண்கள் கூடிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நான் பிறந்த தோட்டம் அது. அவளை அவர்கள் அறிந்தது படம்பிடித்த நாளையும் சேர்த்து மூன்றே நாட்கள்.

அடுத்த வாரம் அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம் ஓடிய மலைக்காட்சி பத்து விநாடியாகச் சுருங்கியது. அந்த இடத்தில்தான் குழந்தைகள் எழுந்து வெளியே போனார்களாம். முன்பு ஒதுக்கிவைத்த துண்டுகளை ஒட்டியதில் கொழுந்து நிறுக்கும் காட்சி நீண்டது. அங்கே ஒருவரும் இருமக்கூட இல்லையாம். பிறகு என் வர்ணனைக்கு வந்தாள்.

"இதத் திருத்த வேணாம்," என்றாள். நான் நிம்மதியடையுமுன்னே, "எடுத்துடலாம்," என்றாள்.

கல்லூரியின் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தனியே தோட்டத்துக்குப் போய், அந்த மூத்த பெண்ணுக்கு மட்டும் படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பார்த்துக்கொண்டே அந்தப் பெண் பேசியதெல்லாம் நாடாவில் இருந்தது. "இந்தா, இது நாந்தேன். பக்கத்துல பெரியக்கா. அவளுக்கு அன்னைக்குக் காச்ச, சொன்னாக் கேக்கல..." பொலி சொல்லும் இடத்தில் திரையோடு சேர்ந்து அந்த மூத்த பெண்ணும் குரல் கொடுத்திருந்தாள்.

அது என் வர்ணனையைவிட மேலானது என்பது முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் எதிர்த்தேன். இது இலக்கணமற்ற பேச்சு, விருந்தினர்களுக்கு விளங்காது, ஆவணப்படத்துக்கு ஒரு கண்ணியம் வேண்டும் என்றெல்லாம் விரிவுரையாளரிடம் வாதாடினேன். லுணுகலையில் இரண்டையும் காட்டிப் பாருங்கள், மக்கள் எதை விரும்புகிறார்களோ அதுவே விழாவுக்கு என்றார் அவர்.

லுணுகலையில் துணிக்கடை முதலாளி ஒருவர் கடைக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையைத் தந்தார். திரைக்கு வெள்ளைத் துணியும் அவருடையதே. ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்க வந்த தோட்டத்து மக்கள் மூட்டைகளுடன் உட்கார்ந்தார்கள். முதலில் என் குரலோடு ஒருமுறை. பிறகு நாடாவோடு ஒருமுறை. இரண்டாம் முறை ஓடியபோது என் காதில் விழுந்ததை மறக்க முயன்றிருக்கிறேன். அறை திரையோடு பேசத் தொடங்கியது. பொலி சொல்லும் இடத்தில் நாற்பது பெண்கள் சேர்ந்து பொலி சொன்னார்கள்.

வெளியே வந்தபோது முதலாளி என் தோளில் கைவைத்தார்.

"தம்பி, ஒங்கட பேச்சு நல்லம். குத்தம் செல்ல ஏலா. ஆனா படத்தப் பாக்க உடுதில்லையே!"

மறுநாள் காலை, லுணுகலைக்கு வந்திராத விரிவுரையாளர் எங்களை அழைத்தார். மக்களுக்கு எது பிடித்தது என்று கேட்டார். அவள் கொப்பியைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஐயா. நாடாவில் பேச்சு தெளிவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். என் வர்ணனையை நிதானமாகக் கேட்டார்கள்."

அவள் என்னைப் பார்த்தாள். நீண்ட பார்வையல்ல. கொப்பியை மூடினாள்.

விழாவில் நான் வாசித்தேன். பொலி சொல்லும் இடத்துக்கு மட்டும் பிழையற்ற ஒரு புது வரி எழுதியிருந்தேன். கொழும்பு விருந்தினர் ஒருவர் எழுந்து, இவ்வளவு செறிவான தமிழைத் தேயிலை மலையில் எதிர்பார்க்கவில்லை என்றார். நீண்ட கைதட்டல். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கிடைத்தது. கிடைத்த பிறகும் நான் அவளைத்தான் தேடினேன். கடைசி வரிசையில், சமையற்கூடப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் அவளிடம் என்ன சொன்னார்கள் என்று இன்றும் அறிய விரும்புகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு இறங்கும்போது கேட்டேன்.

"நீங்க ஏன் ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லல?"

"நா சொல்லியிருந்தா ஐயா என்னயத்தான் நம்பியிருப்பாரு," என்றாள். "அதான்."

குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அவள் வாயைத் திறந்திருந்தால் என் வார்த்தை ஒரு நொடி நின்றிருக்காது. அதைத் தெரிந்துகொண்டே எனக்கு இடம்விட்டிருக்கிறாள். தான் நம்பப்படுவோம் என்று அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருந்த ஒருவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, பொறாமை. பேருந்து ஹாலிஎலவைத் தாண்டிய பிறகே வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். தண்டனைக்கு ஆயத்தமாகவே போயிருந்தேன். சொல்லப்போனால் அதை எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இனித் தோட்டங்களில் காட்டும்போது நாடாவோடேயே காட்டுங்கள் என்றார்.

"அந்தப் பிள்ளை ஏன் பேசாம இருந்திச்சு?" என்றார்.

என் பொய்யைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அப்போதும் அவளைப் பற்றித்தான் கேட்டார்.

அவள் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். தெரியாது, ஐயா என்றேன். அவளைப் பற்றி எல்லாரும் எல்லாமும் அறிந்திருந்தார்கள். அந்த ஒரு வாக்கியமாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் இருந்தவரை நானும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.